ஓய்வுக்காலத்துக்கு ஒரு கிராமத்து வீடு



பணி ஓய்வு பெற்றதும், அல்லது வளைகுடா வாழ்க்கையை முடித்துக்கொண்டு ஊர் திரும்பியதும், ஏதேனும் ஒரு கிராமத்தில் பழைய ஓட்டு வீடும் சிறிது நிலமும் வாங்கி அமைதியாக வாழவேண்டும் என்னும் ஆசை நம்மில் பலருக்கும் உண்டு. புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் கொம்யூன்கள் அந்த ஆசையைத் தூண்டக்கூடிய இடங்களே. வில்லியனூர் நகரிலிருந்து ஏறத்தாழ 10 கிலோமீட்டர்; இரயில் நிலையமும் உண்டு, நம்மவர் வாழும் சுல்தான்பேட்டையும் உண்டு. பாகூரோ, தென்பெண்ணையிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியே நீர் பெறும் பெரிய ஏரியால் நெல் விளையும் பூமி.

ஆசை தவறன்று. ஆனால் முப்பது வயதில் இழந்த பொருளை உழைத்து மீட்டுவிடலாம். அறுபதில் இழந்ததை எங்கே போய் மீட்பது? ஆகவே திண்ணையின் அழகையும் வேப்பமரத்து நிழலையும் கண்டு முன்பணம் கொடுக்குமுன் சிலவற்றைச் சிந்தித்துப் பார்ப்போம்.

முதலாவது, விற்பவர் யார் என்பது. பழைய சொத்து பெரும்பாலும் இறந்துபோன தகப்பனார் பெயரிலோ பாட்டனார் பெயரிலோ இருக்கும். விற்க முன்வருபவர்கள் ஆண்மக்களாக இருப்பார்கள். "சகோதரிகளுக்குத் திருமணத்தின்போதே எல்லாம் செய்துவிட்டோம்" என்பார்கள். திருமணச் செலவு வேறு, வாரிசுப் பங்கு வேறு. மகனுக்குக் கிடைப்பதில் பாதியை மகளுக்குரிய பங்காகத் திருக்குர்ஆனின் அந்நிஸா அத்தியாயம் நிர்ணயித்திருக்கிறது. சீர்வரிசையால் அது கழிந்துவிடாது. விற்பவர் இந்துக் குடும்பத்தினராயினும், இன்றைய வாரிசுரிமைச் சட்டம் மகளுக்கு மகனோடு சமபங்கு தருகிறது. கையொப்பமிடாத ஒரு சகோதரி பின்னர் பாகப்பிரிவினை வழக்குத் தொடுத்தால், உங்கள் ஓய்வுக்காலம் நீதிமன்றத் தாழ்வாரத்தில் கழியும். அதைவிட மேலாக, பிறர் உரிமையைப் பறித்த நிலத்தில் நாம் தொழுவதும் உண்பதும் எப்படி மனநிறைவு தரும்? ஆகவே வாரிசுச் சான்றைக் கேட்டு வாங்கி, எல்லா வாரிசுகளும் கையொப்பமிட்டாலன்றி வாங்காதீர்கள்.

இரண்டாவது, பத்திரங்கள். புதுச்சேரியின் நிருவாகம் 1954 நவம்பர் 1-ஆம் நாள் இந்தியாவின் கைக்கு வந்தது. சட்டப்படியான இணைப்பு 1962-இல் நிறைவேறியது. ஆகவே பழைய மூலப்பத்திரங்கள் பிரெஞ்சு மொழியில் இருப்பதுண்டு. அதைப் படிக்கத் தெரிந்தவரைக் கொண்டு முழுவதும் மொழிபெயர்த்து அறிந்துகொள்ளுங்கள். தரகர் சொல்லும் சுருக்கத்தை நம்பாதீர்கள். அளவிலும் கவனம் வேண்டும். இங்கே பதிவேடுகளில் ஹெக்டேர், ஆர், சென்டியார் என்று இருக்கும். மக்கள் பேச்சில் குழி, காணி என்று இருக்கும். ஒரு குழி 576 சதுர அடி. நூறு குழி ஒரு காணி, அதாவது சுமார் 1.32 ஏக்கர். தமிழகத்தின் சில பகுதிகளில் 144 சதுர அடியையே குழி என்பார்கள். "பத்துக் குழி" என்று கேட்டு மயங்காமல் சதுர மீட்டரில் எழுதச் சொல்லுங்கள். புதுச்சேரிக் கிராமங்கள் தமிழகக் கிராமங்களோடு இடையிடையே கலந்து கிடப்பதால், நிலம் எந்த மாநிலத்தைச் சேர்ந்தது, எந்தச் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு உட்பட்டது என்பதையும் உறுதி செய்துகொண்டு, அங்கேயே வில்லங்கச் சான்று எடுக்கவேண்டும்.

மூன்றாவது, நம் குடும்பங்களில் பலர் அறியாத ஒரு சட்டம். வெளிநாடுவாழ் இந்தியரும், பிரெஞ்சுக் குடியுரிமை போன்ற அயல்நாட்டுக் குடியுரிமை பெற்றுக் கடல்கடந்த இந்தியர் அட்டை வைத்திருப்போரும் குடியிருப்பு வீடு வாங்கலாம். விவசாய நிலமோ, தோட்டப் பயிர் நிலமோ, பண்ணை வீடோ விலைக்கு வாங்கக்கூடாது. வாரிசுரிமையாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தை மீறினால், சம்பந்தப்பட்ட தொகையின் மும்மடங்கு வரை அபராதம் விதிக்க இடமுண்டு. எனவே துபாயிலோ பாரிசிலோ இருந்துகொண்டு "வயலோடு வீடு" பேசுவோர், முதலில் அந்த இடம் எந்த வகையில் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். ஊர் திரும்பிச் சட்டப்படி உள்நாட்டில் வசிப்பவராகும் வரை காத்திருப்பதும் ஒரு வழியே.

நான்காவது, தண்ணீர். 2024 நவம்பர் 30 அன்று ஃபெங்கல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அதை அடுத்து சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட நீரால் தென்பெண்ணை பெருகி, பாகூர் கொம்யூனின் ஆற்றங்கரைக் கிராமங்களுக்குள் புகுந்தது. கோடையில் பார்க்கும் வீடு கார்த்திகையில் எப்படி இருக்கும் என்பதைச் சுவரின் நீர்க்கறையும் பக்கத்து வீட்டுப் பாட்டியும் சொல்வார்கள், கேளுங்கள். கிணற்று நீரையும் ஆய்வுக்குக் கொடுங்கள். மண் சுவரும் பனைமர வாரையும் உள்ள வீடாயின், கரையானையும் ஓட்டின் கசிவையும் அனுபவமுள்ள கொத்தனாரிடமும் தச்சரிடமும் காட்டுங்கள். பழுதுபார்க்கும் செலவையும் சேர்த்தால்தான் உண்மையான விலை தெரியும்.

ஐந்தாவது, நம் உடலும் நம் இல்லாளும். இன்று நடந்து செல்லும் தூரத்தில் பள்ளிவாசல் உண்டா? நள்ளிரவில் நெஞ்சு வலித்தால் ஜிப்மர் மருத்துவமனை எவ்வளவு தொலைவு? பெரும்பாலும் கணவன் தோட்டத்தைக் கனவு காண்பான். தண்ணீர் இறைப்பதும் விருந்தினரைக் கவனிப்பதும் மனைவியின் தலையில் விழும். அவளுடைய சம்மதத்தைக் கேட்டபின்பே முடிவு செய்யுங்கள். அவள் பின்னாளில் தனித்திருக்க நேரிடலாம் என்பதையும் நினையுங்கள். பிள்ளைகள் இருந்தால் கணவனின் சொத்தில் மனைவிக்குரிய பங்கு எட்டில் ஒன்று. பிள்ளைகள் இல்லையேல் நான்கில் ஒன்று. ஆகவே கணவன் பெயரில் மட்டும் வாங்கிய வீடு நாளைக்கு அவளுக்கு முழுமையாக நிலைக்காது. உயிரோடிருக்கும்போதே அவள் பெயரில் வாங்குவதோ, முறைப்படி ஒப்படைத்து ஹிபாவாகக் கொடுப்பதோ செய்யலாம். "உனக்குத்தான்" என்று வாயால் சொல்லி வைப்பது மட்டும் போதாது. பிள்ளைகளிடமும் மறைக்காமல் பேசிவிட்டால் பின்னால் மனக்கசப்பு இராது.

இவ்வளவையும் படித்து மனம் தளர வேண்டாம். எளிய வழி ஒன்று உண்டு. வாங்க விரும்பும் ஊரிலேயே ஒரு வீட்டை ஓராண்டு வாடகைக்கு எடுத்துத் தங்கிப் பாருங்கள். சித்திரையின் வெயிலும் ஐப்பசியின் அடைமழையும், அண்டை வீட்டாரின் குணமும், ரமளான் இரவில் தராவீஹுக்குப் போய்வரும் பாதையும் அந்த ஓராண்டில் தெரிந்துவிடும். அதன் பிறகும் ஆசை குறையாதிருந்தால், பத்திரமும் பங்கும் சரியாயிருந்தால், தயங்காமல் வாங்குங்கள். இன்ஷா அல்லாஹ், அந்த வீடு உங்களுக்கு நிம்மதியின் நிழலாக அமையட்டும்.