திரையிற் பறத்தலும் வெளியிற் பறத்தலும்

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பர். அதனைக் காட்டி, கணினித் திரையில் மாதிரி விமானம் ஓட்டிப் பழகும் மாணாக்கரைப் பொழுதை வீணாக்குவோர் எனப் பழித்தல் முறையன்று என்பது நம் கருத்து.

1929ஆம் ஆண்டில் அமெரிக்கரான எட்வின் லிங்க், ஆர்கன் இசைக்கருவியின் துருத்திகளைக் கொண்டே தரையில் நின்றசையும் விமானப் பயிற்சிப் பொறியை அமைத்தார். இரண்டாம் உலகப் போரில் எண்ணிறந்த விமானிகள் அதிற் பழகினர். இன்றைய திரைப் பயிற்சி அதன் வழித்தோன்றலே.

வண்டிச் சில்லின் ஆரக்கால்போல உருளைகள் சூழ்ந்த பொறி பூட்டிய மாதிரி விமானத்தைத் துண்டு துண்டாகப் பொருத்தி முடிக்கப் பல மாதம் செல்லும். வானொலி அலையால் இயங்கும் அது நம்மை நோக்கித் திரும்பி வருங்கால், அதன் இடம் நமக்கு வலமாகும். அக்கணத் தடுமாற்றத்தில் அத்தனை உழைப்பும் மண்ணாகிவிடும். திரையிலோ நூறு முறை வீழ்ந்தாலும் ஒரு குச்சியும் முறியாது.

ஆயினும் திரையோடு நின்றுவிடலும் தகாது. வீழ்ந்ததை ஒரு பொத்தான் எழுப்பிவிடுமாதலின், ஆக்கிய பொருளைக் காக்கும் பொறுப்பு ஆங்கே பிறவாது. நம் விடத்தல்தீவுக் கடற்றொழிலாளர் சோழகத்தையும் வாடையையும் உடம்பால் அறிந்தவர், படத்தால் அறிந்தவரல்லர்.

ஆதலின் மாணாக்கர் முதலில் திரையிற் கைபழகுக. பின்னர்த் தாமே செய்த விமானத்தை வெளியில் ஏவுக. இரண்டுக்கும் பழைய மாணவர் துணைநிற்பாராக.