பத்து வயதில் ஒரு வெட்டுப்புள்ளி: புலமைப்பரிசில் பரீட்சையும் நமது பிள்ளைகளும்

சனி, ஞாயிறு காலைகளில் யாழ்ப்பாண நகரிலிருந்து கண்டி வீதியால் அரியாலைப் பக்கம் போகிறவர்கள் இந்தக் காட்சியைக் கண்டிருப்பார்கள். தரம் 4, தரம் 5 பிள்ளைகள் புத்தகப் பையுடன் ரியூஷன் வகுப்புக்குள் போகிறார்கள். வாசலில் மோட்டார் சைக்கிள்களும் ஓட்டோக்களும் நிற்கின்றன. உள்ளே பிள்ளைகள் கடந்தகால வினாத்தாள் செய்கிறார்கள். வெளியே பெற்றோர் புள்ளி பேசுகிறார்கள். சோனகத் தெருப் பக்கமிருந்து பிள்ளையைக் கூட்டி வரும் நமது வாப்பாமாரும் அவர்களில் உண்டு.

அப்படி வந்து நின்ற ஒருவரிடம் பேசக் கிடைத்தது. "மகள் விடிய நாலரைக்கு எழும்பிப் படிக்கிறா. குர்ஆன் மத்ரஸாவ இப்போதைக்கு நிப்பாட்டியிருக்கம். ஓகஸ்ட் முடியட்டும், பிறகு பார்ப்பம்" என்றார். அவர் பொறுப்பற்ற தகப்பன் அல்ல. கூலி வேலை செய்து, வாரம் தவறாமல் வகுப்புக் காசு கட்டுகிறவர். தான் படிக்க முடியாமல் போனது மகளுக்கு நேரக்கூடாது என்று நினைக்கிறவர். அவரைக் குறை சொல்வது இக்கட்டுரையின் நோக்கமல்ல. அவரை அந்த வாசலில் கொண்டு வந்து நிறுத்தியிருப்பது எது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை இரண்டு வினாத்தாள்களைக் கொண்டது. மொத்தம் 200 புள்ளிகள். இரண்டுக்கும் சேர்த்து இரண்டேகால் மணித்தியாலம். 2025ஆம் ஆண்டு ஓகஸ்ட் 10ஆம் திகதி நடந்த பரீட்சைக்கு நாடு முழுவதும் சுமார் 3 லட்சம் பிள்ளைகள் விண்ணப்பித்திருந்தனர். இந்தப் பரீட்சையால் கிடைப்பவை இரண்டு. ஒன்று, குறைந்த வருமானக் குடும்பத்துப் பிள்ளைக்கு மாதாந்த உதவித்தொகை. நீண்ட காலமாக 750 ரூபாவாக இருந்த இத்தொகையை 2025 வரவு செலவுத் திட்டம் 1,500 ரூபாவாக உயர்த்தியது. இரண்டாவது, தரம் 6க்குப் பிரபல பாடசாலையொன்றில் அனுமதி.

இன்றைய ஓட்டமெல்லாம் இரண்டாவதற்காகத்தான். நகரத்து வகுப்புக் கட்டணத்தையும் ஓட்டோக் காசையும் கூட்டிப் பார்த்தால், 1,500 ரூபாவுக்காக யாரும் இத்தனை பாடுபட மாட்டார்கள் என்பது விளங்கும். நாட்டில் 10,000க்கு மேற்பட்ட அரச பாடசாலைகள் இருக்கின்றன. அவற்றில் தேசியப் பாடசாலைகள் ஏறத்தாழ 400. அந்த 400இலும் பெற்றோர் மனதில் இருப்பவை மாவட்டத்துக்கு ஒரு சில. யாழ்ப்பாணத்தில் இந்துக் கல்லூரி, வேம்படி மகளிர் என்று விரல்விட்டு எண்ணலாம். அங்கும் தரம் 6க்குப் புதிதாகச் சேர்க்கும் இடங்கள் கொஞ்சம்தான். இடம் கொஞ்சமாகவும் கேட்பவர் அதிகமாகவும் இருந்தால் வெட்டுப்புள்ளி ஏறத்தான் செய்யும். வெட்டுப்புள்ளி ஏற ஏற ரியூஷனும் பெருகும்.

இது இப்படித் தொடங்கிய விடயமல்ல. சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கரா தலைமையிலான விசேட கல்விக் குழு 1943இல் தனது அறிக்கையை வெளியிட்டது. 1945இல் இலவசக் கல்வி வந்தது. கிராமப் பகுதிகளில் மத்திய மகா வித்தியாலயங்கள் விடுதி வசதியுடன் உருவாக்கப்பட்டன. வசதியில்லாத வீட்டில் பிறந்த திறமையான பிள்ளையை அங்கு கொண்டுவந்து படிக்க வைப்பதற்கே புலமைப்பரிசில் ஏற்பட்டது. அதாவது, ஏழைப் பிள்ளைக்குக் கொடுத்த கை அது. எண்பது ஆண்டுகளில் அந்தக் கை ஒரு வாயிற்கதவாக மாறிவிட்டது. இரண்டு வருடம் ரியூஷனுக்குக் காசு கட்டக்கூடிய வீட்டுப் பிள்ளைக்கே அந்தக் கதவு இலகுவாகத் திறக்கிறது.

இந்தக் கதவின் முன் நிற்கும் பதற்றம் எவ்வளவு என்பதை 2024 காட்டியது. அவ்வாண்டு செப்டம்பர் 15ஆம் திகதி நடந்த பரீட்சையின் முதலாம் வினாத்தாளிலிருந்து மூன்று வினாக்கள் முன்கூட்டியே வெளியான விவகாரம் நாட்டையே உலுக்கியது. பெற்றோர் வீதிக்கு வந்தனர். அடிப்படை உரிமை மனுக்கள் உச்ச நீதிமன்றம் சென்றன. டிசம்பர் 31ஆம் திகதி தீர்ப்பு வந்து, 2025 ஜனவரியில்தான் பெறுபேறு வெளியானது. பத்து வயதுப் பிள்ளைகள் எழுதிய பரீட்சையின் மூன்று வினாக்களுக்காக நாட்டின் உயர் நீதிபீடம் கூட வேண்டியிருந்தது. மூன்று வினாக்களின் புள்ளி ஒரு பிள்ளையின் பாடசாலையையே மாற்றிவிடும் என்று பெற்றோர் நம்பினர். அவர்கள் நம்பியது பிழையுமல்ல.

வேறு நாடுகளும் இதே கேள்வியில் நிற்கின்றன. பதினொரு வயதில் பிள்ளைகளைப் பிரித்த பரீட்சையை இங்கிலாந்து பெரும்பாலான பகுதிகளில் கைவிட்டுப் பல தசாப்தங்களாகின்றன. சில பகுதிகளில் அது இன்னும் நடக்கிறது, அங்கும் ரியூஷன்தான். நியூயோர்க் நகரம் நான்கு வயதுப் பிள்ளைகளுக்கு நடத்திய மீத்திறன் சோதனையை 2021இல் நிறுத்தியது. சிங்கப்பூர் 1984இல் தொடங்கிய மீத்திறன் கல்வித் திட்டத்தை அதன் பழைய வடிவில் தொடரப்போவதில்லை என்று 2024 ஓகஸ்டில் பிரதமர் லோரன்ஸ் வோங் அறிவித்தார். திறமையான பிள்ளைகளுக்கு அவரவர் பாடசாலையிலேயே வாய்ப்புக் கொடுப்பது அங்கு புதிய வழி. போட்டிக்குப் பெயர் போன சிங்கப்பூரே இந்த முடிவுக்கு வந்திருக்கிறது.

இனி நமது பக்கத்துக்கு வருவோம். யாழ்ப்பாண முஸ்லிம்களுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. 1990 ஒக்டோபர் 30இல் சில மணித்தியால அவகாசத்தில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட சமூகம் இது. பிள்ளைகள் புத்தளத்திலும் கற்பிட்டியிலும் ஓலைக் கொட்டில்களில் படித்தார்கள். 2009க்குப் பிறகு திரும்பி வந்தவர்கள் வீட்டுக் கூரையைப் போலவே பாடசாலையையும் மீண்டும் எழுப்ப வேண்டியிருந்தது. ஒஸ்மானியாவும் கதீஜாவும் இன்று இயங்குவது சும்மா வந்த காரியமல்ல. ஆனால் ஒவ்வொரு வருடமும் புள்ளி கூடிய பிள்ளைகள் வெளியே போனால், மிஞ்சுவது "கெட்டிக்காரப் பிள்ளைகள் போன பாடசாலை" என்ற பெயர். பெயர் போனால் அடுத்த பெற்றோரும் பிள்ளையை எடுக்கிறார். திரும்பி வந்து குடியேறலாமா என்று புத்தளத்தில் யோசித்துக்கொண்டிருக்கும் குடும்பம் முதலில் கேட்பதும் பாடசாலை எப்படி என்றுதான். ஆகவே இது ஒரு பிள்ளையின் தரம் 6 அனுமதி மட்டுமல்ல, மீள்குடியேற்றத்தின் உயிர்நாடியோடு சம்பந்தப்பட்டது.

அதற்காக, முஸ்லிம் பிள்ளை முஸ்லிம் பாடசாலையிலேயே படிக்க வேண்டும் என்று சொல்ல வரவில்லை. அறிஞர் ஏ.எம்.ஏ. அஸீஸ் யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் 1911இல் பிறந்தவர். வைத்தீஸ்வரா வித்தியாலயத்திலும் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும் படித்தவர். இலங்கை சிவில் சேவையில் சேர்ந்த முதல் முஸ்லிம் அவர்தான். 1948 முதல் 1961 வரை கொழும்பு ஸாஹிராக் கல்லூரியின் அதிபராக இருந்தார். இந்துப் பாடசாலையில் படித்ததால் அவர் சமூகத்தை விட்டுப் போகவில்லை. சமூகத்துக்கே திரும்பி வந்தார்.

அவர் செய்த இன்னொரு காரியம் இங்கு முக்கியமானது. 1945இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியை அவர் தொடக்கி வைத்தார். படிக்கக்கூடிய பிள்ளை காசில்லாமல் நின்றுவிடக்கூடாது என்பதுதான் அதன் எண்ணம். இலவசக் கல்வி வந்த அதே ஆண்டில், அரசாங்கம் செய்யட்டும் என்று இருந்துவிடாமல், சமூகத்தின் பங்கையும் அவர் கேட்டார்.

அந்த அளவுகோலால் நம்மைப் பார்த்தால் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. பெறுபேறு வந்த மறுநாள் நாம் என்ன செய்கிறோம்? வெட்டுப்புள்ளியைத் தாண்டிய பிள்ளைகளின் படத்தைப் பதாகையில் போடுகிறோம். முகநூலில் வாழ்த்துகிறோம். பள்ளிவாசல் மண்டபத்தில் மேடை போட்டுப் பரிசு கொடுக்கிறோம். அதே மண்டபத்தில், மூன்று புள்ளி குறைந்த பிள்ளை உம்மாவின் பக்கத்தில் தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறது. பத்து வயதில் "நான் மட்டம்" என்று ஒரு பிள்ளைக்கு நம்ப வைப்பதை விடப் பெரிய கல்வி நஷ்டம் எது?

பத்ர் யுத்தத்துக்குப் புறப்பட்டபோது வயது போதாது என்று திருப்பி அனுப்பப்பட்ட சிறுவர்களில் ஸைத் பின் ஸாபித் (ரலி) ஒருவர். அழுதுகொண்டு வீடு திரும்பிய அந்தப் பிள்ளையிடம் வேறொரு திறமை இருந்ததை நபி (ஸல்) அவர்கள் கண்டார்கள். பிற மொழியைக் கற்கச் சொன்னார்கள். பின்னாளில் அபூபக்ர் (ரலி) காலத்தில் குர்ஆனை ஒன்றுதிரட்டும் மாபெரும் பொறுப்பு அவரிடமே ஒப்படைக்கப்பட்டது. ஒரு நாளில் ஒரு வாசலில் திருப்பி அனுப்பப்பட்டவருக்கு அல்லாஹ் வைத்திருந்த இடம் அது. புள்ளி குறைந்த பிள்ளையின் வீட்டில் இந்தச் செய்தியைச் சொல்ல வேண்டியது பள்ளிவாசலின் கடமையல்லவா?

பரீட்சையின் அழுத்தத்தைக் குறைக்க வேண்டும் என்று அரசாங்கங்கள் மாறி மாறிச் சொல்கின்றன. பாடசாலைகளுக்கிடையிலான இடைவெளி குறையும்வரை, பரீட்சையை நீக்கினாலும் வேறு வடிவில் நெருக்கடி வரும். அதுவரை காத்திராமல் நாமே செய்யக்கூடியவை சில உண்டு.

முதலாவது, எண்களைப் பெற்றோர் விளங்கிக்கொள்ள வேண்டும். 70 புள்ளி என்பது ஒன்று. அது பிள்ளை அடிப்படைத் திறன்களைப் பெற்றிருப்பதைச் சொல்கிறது. உதவித்தொகைக்கான மாவட்ட வெட்டுப்புள்ளி வேறு. குறித்த பாடசாலையின் வெட்டுப்புள்ளி இன்னொன்று. மூன்றாவது எண்ணைத் தாண்டாத பிள்ளை "பெயில்" அல்ல. இந்த வித்தியாசத்தை ஒரு ஜும்ஆவுக்குப் பின் கால் மணித்தியாலத்தில் சொல்லிவிடலாம்.

இரண்டாவது, பாடசாலை தெரிவு செய்யுமுன் தூரம், போக்குவரத்துச் செலவு, பெண் பிள்ளையின் உடை, இஸ்லாம் பாட ஆசிரியர் இருக்கிறாரா என்பதையெல்லாம் நேரில் போய்க் கேளுங்கள். பெயரை மட்டும் பார்த்துச் சேர்த்துவிட்டு தரம் 7இல் திண்டாட வேண்டாம்.

மூன்றாவது, குர்ஆன் மத்ரஸாவை நிறுத்தாதீர்கள். நேரத்தைக் குறைக்க மத்ரஸாக்கள் உடன்படட்டும். நமது பாடசாலைகளுக்கு நோன்பு விடுமுறை தனி. பரீட்சைத் திகதியோ எல்லோருக்கும் ஒன்று. அந்த இடைவெளிக்குப் பயந்துதான் பலர் அரியாலைக்கு ஓடுகிறார்கள். பட்டதாரி இளைஞர்கள் நான்கைந்து பேர் பள்ளிவாசல் மண்டபத்தில் இலவச வகுப்பு எடுத்தால், ஓட்டோக் காசும் மிஞ்சும், காசில்லாத பிள்ளையும் உட்காரும்.

நான்காவது, பரிசுக்கும் பதாகைக்கும் செலவாகும் காசு ஒரு சகாய நிதிக்குப் போகட்டும். வெட்டுப்புள்ளியைப் பார்க்காமல் வீட்டு நிலைமையைப் பார்த்து, சாதாரண தரம் வரை கொடுக்கட்டும். புத்தளம், கொழும்பு, வெளிநாடுகளில் வாழும் யாழ்ப்பாணத்தார் ஒஸ்மானியா, கதீஜாவின் ஆரம்பப் பிரிவுகளுக்கு நூலகமும் மேலதிக ஆசிரியரும் கொடுக்க முன்வரட்டும். பக்கத்துப் பாடசாலை நல்ல பாடசாலையானால் வெட்டுப்புள்ளிப் பயம் தானாகக் குறையும்.

அந்த வாப்பா கடைசியாகச் சொன்னது இது: "நம்மட ஊர்ப் பள்ளிக்கூடம் நல்லா இருந்தா நான் ஏன் இங்க வந்து நிக்கிறன்?" அவருக்கு நாம் கொடுக்க வேண்டிய பதில் ஒரு பதாகை அல்ல. நமது பிள்ளைகள் அனைவரின் கல்வியிலும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக.