மாவுப்பூச்சி: மருந்து தோற்ற இடத்தில் குளவி ஜெயித்தது எப்படி?

செம்பருத்தியில் வெள்ளையாக ஏதாவது அப்பியிருந்தால், மாடித் தோட்டக்காரர்கள் உடனே ஸ்பிரேயைத்தான் தேடுகிறார்கள். ஆனால், பல நேரம் அதில் காலியாவது நல்ல பூச்சிகள்.

ஏன் அப்படி?

மாவுப்பூச்சியின் மேல் இருக்கும் மெழுகுப் படலம் மருந்தை எளிதில் உள்ளே விடாது. அதைத் தின்னும் பொறிவண்டும், அழிக்கும் குளவியும்தான் முதலில் சாகும். கொஞ்ச நாளில் மாவுப்பூச்சி திரும்ப வரும்; தடுக்க ஆள் இருக்காது.

கோவையில் நடந்தது என்ன?

மெக்சிகோவைப் பூர்வீகமாகக் கொண்ட பப்பாளி மாவுப்பூச்சி 2008-ல் கோவையில் கண்டறியப்பட்டது. பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என எல்லாவற்றிலும் பரவியது. மருந்துக்கு அடங்கவில்லை. 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்த ‘அசெரோபேகஸ் பப்பாயே’ என்ற குட்டிக் குளவிதான் அடக்கியது. மாவுப்பூச்சிக்குள் அது முட்டையிடும். புழு உள்ளிருந்தே தின்றுவிடும்.

வீட்டில் என்ன செய்யலாம்?

* முதலில் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவலாம்.
* எறும்பைத் தடுக்க வேண்டும். மாவுப்பூச்சி சுரக்கும் இனிப்புத் திரவத்துக்காக, அதன் எதிரிகளை விரட்டுவது எறும்புதான்.
* ‘கிரிப்டோலேமஸ்’ பொறிவண்டின் புழுவும் வெள்ளையாக, மாவுப்பூச்சி மாதிரியே இருக்கும். பெரிதாக, வேகமாக ஊர்ந்தால் நசுக்க வேண்டாம். அது சாப்பிட வந்த ஆள்!

ஒரு விஷயம்: செடியில் நாலு பூச்சி மிச்சம் இருக்கத்தான் செய்யும். இரையே இல்லாத தோட்டத்தில் பொறிவண்டு தங்காது.