வீச்சும் திசையும்

கலப்பெண்ணைத் துருவ வடிவில் எழுதுக என்னும் வினாவில் நம் மாணாக்கர் இடறி விழும் இடம் பெரும்பாலும் ஒன்றே. மட்டினை எளிதிற் கண்டுவிடுவர். வீச்சு எனப்படும் கோணத்திலே தவறுவர். யானும் மேனிலைப் பள்ளியில் அங்ஙனம் தவறினவனே. மெய்ப்பகுதி −1, கற்பனைப் பகுதி −1 ஆகிய எண்ணுக்கு 45 பாகை என எழுதினேன். விடை −135 பாகை. மதிப்பெண் போனது பெரிதன்று. ஏன் தவறு என்று வினவியபோது, "மூன்றாங் கால்வட்டத்திற்குச் சூத்திரம் வேறு" என்ற மறுமொழி மட்டுமே கிடைத்ததுதான் இன்றும் உறுத்துகிறது.

தமிழ் பயில்வோனுக்குக் கணக்கில் யாது வேலை என நண்பர் சிலர் நகைக்கலாம். நகைக்கட்டும். இப்பிழை எண்ணைப் பற்றியதன்று, திசையைப் பற்றியது என்பதே என் கருத்து. திசை அறிவதில் நம்மவர் எவர்க்கும் இளைத்தவரல்லர்.

பாளையங்கோட்டையில் நின்றுகொண்டு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கிழக்கையும் வடக்கையும் மிகை எனவும், மேற்கையும் தெற்கையும் குறை எனவும் கொள்வோம். கன்னியாகுமரி இங்கிருந்து நேர்க்கோட்டில் ஏறத்தாழ 20 கிலோமீட்டர் மேற்கும் 71 கிலோமீட்டர் தெற்குமாக உள்ளது. கோவில்பட்டியோ ஏறத்தாழ 14 கிலோமீட்டர் கிழக்கும் 50 கிலோமீட்டர் வடக்குமாக உள்ளது. இரண்டிற்கும் தெற்கு வடக்குத் தொலைவைக் கிழக்கு மேற்குத் தொலைவால் வகுத்துப் பாருங்கள். குறையைக் குறையால் வகுத்தால் மிகையே வருமாதலின், ஈரிடத்தும் ஈவு ஏறத்தாழ மூன்றரை! டேன்ஜெண்டின் தலைகீழ்ச் சார்பை வினவினால், ஈரிடத்திற்கும் ஏறத்தாழ 74 பாகை என்றே அது விடையிறுக்கும். கன்னியாகுமரிக்குப் புறப்பட்டவன் கோவில்பட்டியிற் போய் இறங்குவான். தர்ஷீசுக்குக் கப்பலேறிய யோனா, நினிவே எத்திசையில் உள்ளதென்று அறிந்தே எதிர்த்திசையிற் சென்றான். நாமோ சூத்திரத்தை நம்பி அறியாமலே செல்கிறோம்.

இதிற் கருவியின் குற்றம் யாதுமில்லை. வகுத்த கணத்திலேயே ஒரு செய்தி அழிந்துபோயிற்று. இரு குறைகள் சேர்ந்து மிகையானபின், அவை இருந்தன என்பதற்கு அடையாளம் ஏது? ஒரு விகிதம் ஒரு கோட்டைக் காட்டும். அக்கோட்டின் எந்த முனையை நோக்கி நடப்பது என்று சொல்லாது. ஆதலின் அச்சார்பு −90 பாகைக்கும் 90 பாகைக்கும் இடைப்பட்ட விடையையே தரும், அதாவது எப்போதும் கீழ்ப்புறத்தையே நோக்கும். மேல்புறத்துப் புள்ளியாயின் 180 பாகையைக் கூட்டியோ கழித்தோ திருத்தவேண்டியது நம் கடன். குமரிக்கு 254, அல்லது முதன்மை வீச்சாக −106 பாகை.

நம் பாடநூல் இதனை அறியாததன்று. கால்வட்டம் நான்கிற்கும் நான்கு விதிகள் தருகிறது. யான் மறுப்பது விதிகளையன்று, அவற்றை மனப்பாடம் செய்யும் முறையை. புள்ளியைத் தாளிற் குறிப்பவனுக்கு நான்கும் கண்முன்னே தோன்றும். குறியாதவன் நான்கையும் நினைவிற் சுமந்து, தேர்வறையில் இரண்டாவதையும் மூன்றாவதையும் மாற்றி எழுதுவான்.

இக்கலையின் வரலாறும் என் பக்கமே நிற்கிறது. கலப்பெண்களைத் தளத்தின்மேல் திசையுள்ள கோடுகளாக முதன்முதல் விளக்கிய காஸ்பர் வெஸ்ஸல் என்பார் கல்லூரிப் பேராசிரியரல்லர். நார்வேயிற் பிறந்து டென்மார்க்கில் நிலமளந்து படம் வரைந்தவர். 1797-ல் கோபன்ஹேகன் நகரத்து அறிவியற் கழகத்தில் படிக்கப்பெற்று 1799-ல் அச்சேறிய அவர்தம் கட்டுரையின் தலைப்பிலேயே திசை என்னும் சொல் உள்ளது. ஏறக்குறைய நூறாண்டுகள் அதனைக் கவனிப்பாரில்லை. (சீகன்பால்கு ஐயரை 1706-ல் தரங்கம்பாடிக்கு அனுப்பிய டென்மார்க்கு அரசின் தலைநகரே அந்நகர் என்பதை நம் கல்லூரியார்க்கு நினைவூட்டுவதில் எனக்கொரு மகிழ்ச்சி.) நம் நாட்டுப் பண்டைக் கணியரும் வட்டத்தை நான்கு பதங்களாகப் பகுத்து, கோள் எப்பதத்தில் நிற்கிறதென்று தெளிந்தபின்னரே கணக்கைத் தொடர்ந்தனர்.

நிற்க. பொருநைக் கரையில் வழி கேட்டுப் பாருங்கள். இடப்பக்கம் வலப்பக்கம் என்று சொல்லாமல் "தெக்க போயி மேக்க திரும்புங்க" என்பார்கள் நம் பாட்டிமார். மலை மேலே உள்ள திசை மேற்கு, நிலம் கீழே சரியும் திசை கிழக்கு என்று இச்சொற்களின் பிறப்பை, இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் ஐயர் 1856-ல் வெளிவந்த தம் ஒப்பிலக்கணத்தில் எடுத்துக்காட்டினார். பொதிகையில் தோன்றிப் புன்னைக்காயலருகே கடலைச் சேரும் ஆற்றின் ஓட்டமே நமக்கு ஒரு திசைப்பாடம். இத்தகைய சொற்களோடு வளரும் பிள்ளைக்கு, "இப்புள்ளி தென்மேற்கில் உள்ளது, நீ கண்ட கோணமோ வடகிழக்கைக் காட்டுகிறது" என்று சொன்னால் விளங்காதா? விளங்கும். மூன்றாங் கால்வட்டம் என்னும் பெயர்தான் விளங்குவதில்லை.

கணிப்பொறி இருக்க இத்துணைக் கவலை ஏன் என்பாரும் உளர். கணிப்பொறி மொழிகளில் ஏட்டேன்-2 என்றொரு சார்பு உண்டு. அதற்கு ஈவைக் கொடுப்பதில்லை. கற்பனைப் பகுதியையும் மெய்ப்பகுதியையும் தனித்தனியே, குறிகளோடு கொடுக்கவேண்டும். வகுத்தால் திசை அழியும் என்பதை அதனை இயற்றியோர் உணர்ந்திருந்தனர். மெய்ப்பகுதி சுழியாகி வகுக்கவே இயலாத இடத்தும் அஃது 90 அல்லது −90 என்று பிழையின்றிச் சொல்லும். இரு பகுதியும் சுழியாயின் வீச்சென்பதே இல்லை. நின்ற இடத்திற்கே செல்லத் திசை எதற்கு?

ஆகவே கணித ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு விண்ணப்பம். துருவ வடிவ வினாவுக்கு ஐந்து மதிப்பெண் வைத்தால், அதில் ஒன்றைப் புள்ளியைத் தாளிற் குறித்ததற்கென்றே ஒதுக்குங்கள். படம் வரையாது சரியான விடை எழுதியவனுக்கு அந்த ஒன்று குறைந்தாலும் யான் வருந்தேன்.