புதியவர் என்றால் இளையவரா?

வேல்ஸின் ஸ்வான்சீ பல்கலைக்கழகம் வழங்கும் டிலன் தாமஸ் பரிசு, ஆங்கிலத்தில் எழுதும் இளம் படைப்பாளிகளுக்கானது. தொகை 20,000 பவுண்டு. எந்த நாட்டவரும் போட்டியிடலாம்; நாவலும் கவிதையும் ஒரே பட்டியலில் வரும். 2023-இல் நைஜீரியாவின் அரின்சே இஃபேகாண்டுவின் சிறுகதைத் தொகுப்பு வென்றது. அதற்கு முந்தைய ஆண்டின் இறுதிப் பட்டியலில் கொழும்புத் தமிழரான அனுக் அருட்பிரகாசம் இருந்தார். நாட்டையும் இலக்கிய வடிவத்தையும் பார்க்காத இப்பரிசு வயதை மட்டும் கறாராகப் பார்க்கிறது. 39-ஐத் தாண்டியவருக்கு இடமில்லை. டிலன் தாமஸ் 1953-இல் இறந்த வயது அது. ஒரு கவிஞரின் மரண வயதைப் பிறருக்குத் தகுதி வரம்பாக்குவது அஞ்சலியாகலாம், நியாயமாகாது.

புதிய குரலுக்குக் கைகொடுப்பதுதான் நோக்கம் என்றால், பிறந்த தேதி அதற்கு உதவாது. 2014-இல் ஜோஷுவா ஃபெரிசுக்குப் பரிசு வாங்கித் தந்தது அவருடைய மூன்றாவது நாவல். முதல் நாவலிலேயே அவர் அமெரிக்கத் தேசியப் புத்தக விருதின் இறுதிச் சுற்றுக்கு வந்துவிட்டவர். மறுபுறம், பெனிலோப் ஃபிட்ஸ்ஜெரால்டின் முதல் நாவல் 1977-இல் வெளியானபோது அவருக்கு வயது 60. இரண்டே ஆண்டுகளில் புக்கர் பெற்றார். ஜோசப் கான்ராடையும் எண்ணிப் பாருங்கள். போலந்துக்காரரான அவர் இருபது வயதை ஒட்டித்தான் ஆங்கிலம் கற்கத் தொடங்கினார். முதல் நாவல் வந்த 1895-இல் அவருக்கு 37. இன்றைய விதி அன்று இருந்திருந்தால், 1899-இல் வெளியான 'ஹார்ட் ஆஃப் டார்க்னஸ்' வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டிருக்கும். ஆங்கிலத்துக்குத் தாமதமாக வருபவர்கள், பிள்ளைகளை ஆளாக்கிய பிறகு எழுத உட்காரும் பெண்கள் எல்லோருக்கும் இதே கதிதான்.

வயதைச் சான்றிதழில் பார்த்துவிடலாம், புதியவர் என்பதை எப்படி அளப்பது என்று கேட்பார்கள். வெளியான நூல்களை எண்ணினால் போயிற்று; கார்டியன் நாளிதழ் முதல் நூலுக்கான விருதைப் பல ஆண்டுகள் சிக்கலின்றி வழங்கியதே! நாற்பதைக் கடந்தவர்களுக்கு மெக்கிட்டரிக் பரிசு இருக்கிறது என்பது அடுத்த வாதம். அது முதல் நாவலுக்கு மட்டும். தாமதமாக வந்த கவிஞர் எங்கே போவார்? இளைஞர்களுக்கே பணத்தேவை அதிகம் என்பதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் வாடகையும் பள்ளிக் கட்டணமும் நாற்பதோடு நின்றுவிடுவதில்லை.

தொடக்கத்தில் 30 ஆக இருந்த வரம்பைப் பின்னர் உயர்த்தியது இதே பரிசுக் குழுதான். இப்போது வரம்பையே கைவிட்டு, முதல் இரண்டு நூல்களோடு வருபவர் எவரும் போட்டியிடலாம் என்று அறிவிக்கட்டும். ஆங்கிலம் உட்பட 24 மொழிகளில் 35 வயதுக்குட்பட்டோருக்கு மட்டும் யுவ புரஸ்கார் வழங்கும் நம் சாகித்திய அகாதெமியும் இதைப் பரிசீலிக்க வேண்டும்.