பூட்டு வலுத்தும் கசிவு நிற்கவில்லை: திரைப்படத் திருட்டைத் தொழில்நுட்பம் தடுக்குமா?

புதுதில்லி: புதிய படம் திரையரங்கில் வெளியான அன்றே கைப்பேசிகளில் உலவத் தொடங்குவது இந்தியத் திரையுலகுக்குப் பழகிப்போன துயரம். 2023-ஆம் ஆண்டில் நாட்டின் திருட்டு உள்ளடக்கச் சந்தையின் மதிப்பு ரூ.22,400 கோடி என எர்ன்ஸ்ட் அண்ட் யங் நிறுவனமும் இந்திய இணையம் மற்றும் கைப்பேசிச் சங்கமும் 2024-இல் வெளியிட்ட அறிக்கை கணக்கிட்டது. இதில் ரூ.13,700 கோடி திரையரங்கப் படங்களைச் சார்ந்தது. எஞ்சியது ஓடிடி தளங்களுடையது.

காப்புத் தொழில்நுட்பம் இல்லாமல் இல்லை. டிஜிட்டல் திரையரங்குக்குப் படம் குறியாக்கம் செய்யப்பட்ட கோப்பாகவே வருகிறது. குறிப்பிட்ட கருவியில், குறிப்பிட்ட நாள்களுக்கு மட்டும் செல்லுபடியாகும் திறவுகோல் தனியே அனுப்பப்படுகிறது. இப்பூட்டை உடைக்க வேண்டிய தேவையே திருடுவோருக்கு எழுவதில்லை. திரையில் விழும் ஒளியையும் ஒலிபெருக்கியில் எழும் ஓசையையும் எவராலும் குறியாக்கம் செய்ய இயலாது. இருக்கையில் அமர்ந்தவரின் கேமராவே போதும். படத்தில் கண்ணுக்குப் புலப்படாமல் பதிக்கப்படும் நீர்க்குறி, எந்த அரங்கில், எந்த நேரத்தில் பதிவானது என்பதைக் காட்டிக்கொடுக்கும். ஆனால் அது திருட்டுக்குப் பின் கிடைக்கும் தடயமே தவிர, தடுப்பு அன்று.

ஓடிடி தளங்களின் சிக்கல் இன்னும் அடிப்படையானது. பூட்டிய படத்தைப் பார்க்க வேண்டுமானால், திறவுகோல் பார்ப்பவரின் கருவிக்குள் வந்தே தீர வேண்டும். டிவிடி தட்டுகளின் காப்பு முறை 1999-இலேயே உடைக்கப்பட்டது. 2005-இல் சோனி பிஎம்ஜி நிறுவனம் இசைத்தட்டுகளில் வைத்த காப்பு மென்பொருள், காசு கொடுத்து வாங்கியவர்களின் கணினிகளுக்கே ஊறு விளைவித்ததால் திரும்பப் பெறப்பட்டது. ஆப்பிள் நிறுவனம் 2009-இல் தன் ஐடியூன்ஸ் பாடல்களிலிருந்து பூட்டையே அகற்றியது.

சட்டமும் சும்மா இருக்கவில்லை. காப்பை முறியடிப்போருக்கு 2 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை விதிக்கும் பிரிவு, பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் சேர்க்கப்பட்டது. 2023-ஆம் ஆண்டின் ஒளிப்பதிவுச் சட்டத் திருத்தம் திருட்டுப் பதிவுக்கு 3 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், குறைந்தது ரூ.3 லட்சம் அபராதமும் விதிக்கிறது. அபராதம் தயாரிப்புச் செலவில் 5 சதவீதம் வரை உயரலாம். முடக்கப்பட்ட தளம் புதிய முகவரியில் முளைப்பதைச் சமாளிக்க, அம்முகவரிகளுக்கும் தடையை நீட்டிக்கும் உத்தரவை தில்லி உயர்நீதிமன்றம் 2019-இல் வழங்கியது. முகவரிகளோ இன்றும் மாறிக்கொண்டேதான் இருக்கின்றன.

எனினும் காப்பு வீண் என்று ஒதுக்கிவிட முடியாது. பெரும்பாலான படங்களின் வசூல் முதல் சில நாள்களிலேயே முடிவாகிவிடுவதால், தெளிவான பிரதி வெளியாவதைச் சில வாரங்கள் தள்ளிப்போடுவதே தயாரிப்பாளருக்குப் பெரும் ஆதாயம். அதற்கு அப்பால் கேள்வி விலையைப் பற்றியது. திருட்டுப் பிரதிகளை நாடுவோர் கூடுதல் சந்தாக் கட்டணத்தையும், விரும்பிய படம் கிடைக்காமையையும், பல சந்தாக்களைப் பராமரிக்கும் தொல்லையையுமே காரணங்களாகக் கூறியதாக அதே அறிக்கை தெரிவிக்கிறது. விளம்பரத்துடன் இலவசமாகக் கிடைத்தால் முறையான தளங்களுக்கு மாறத் தயார் என்றவர்கள் அவர்களில் 64 சதவீதம் பேர்.