பழைய யன்னலும் பிளாஸ்ரிக் யன்னலும்

இதைப்பற்றி எழுதவேண்டும் என்று கனநாளாக யோசித்துக்கொண்டிருந்தேன். லண்டனில் எங்கட சனம் பழைய வீடு வாங்கினால் முதலில் செய்கிற வேலைகளில் ஒன்று யன்னல் மாற்றுவது. குளிர்காலத்தில் யன்னல் இடுக்கால் காற்று வரும், கண்ணாடியில் தண்ணீர் வடியும், பிள்ளைகள் இருமுவார்கள். வெள்ளை பிளாஸ்ரிக் சட்டத்தில் டபிள் கிளேசிங் போட்டால் எல்லாம் சரி என்று நினைக்கிறோம். அப்படி நினைப்பதைக் குறை சொல்ல ஏலாது.

ஆனால் வீடு 'கொன்சவேஷன் ஏரியா'வுக்குள் இருந்தால் கதை வேறு. பழைய தெருக்களின் தோற்றத்தைக் காப்பாற்ற 1967இல் வந்த சட்டத்தோடு தொடங்கியது இது. இங்கிலாந்தில் மட்டும் இப்படிக் கிட்டத்தட்ட 10,000 பகுதிகள் இருக்கின்றன. தனி வீடு என்றால், பழையதைப் போன்ற தோற்றத்தில் யன்னலை மாற்றப் பொதுவாக அனுமதி தேவையில்லை. கவுன்சில் 'ஆர்ட்டிக்கிள் 4' என்ற உத்தரவு போட்டு அந்த உரிமையை எடுத்திருந்தால் அனுமதி வேண்டும். பிளற்றுக்கு அந்த உரிமை முதலே கிடையாது. 'லிஸ்ரட்' கட்டடம் என்றால், அனுமதியில்லாமல் மாற்றுவது கிரிமினல் குற்றம்.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் கடைக்கு மேலே பிளற் வாங்கியது. யன்னல் போட வந்த கொம்பனிக்காரர் "அனுமதி ஒன்றும் தேவையில்லை" என்றாராம். சீட்டுக்காசு எடுத்து நாலு யன்னல் மாற்றினார்கள். அடுத்த வருசம் கவுன்சிலிலிருந்து கடிதம்: கழற்றிவிட்டு முந்தி இருந்தது போல மரத்தில் போடவேண்டும். அந்த மனுசன் இரண்டு வேலை செய்கிறவர். கொம்பனிக்காரர் இப்போது தொலைபேசி எடுப்பதில்லை.

இதைக் கேட்டவர்கள் எல்லாரும் "வெள்ளைக்காரன்ர விசர்ச் சட்டம்" என்றார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. சட்டம் சரி. அதை நடத்துகிற விதம்தான் பிழை.

அந்தப் பழைய 'சாஷ்' யன்னல் மட்டமான சாமான் இல்லை. சட்டத்தின் பக்கப் பெட்டிக்குள் இரும்பு எடை தொங்கும், கயிறு கப்பியில் ஓடும், ஒரு விரலால் தள்ளினாலே யன்னல் மேலே போகும். மெல்ல வளர்ந்த மரத்தில் செய்ததால் நூறு வருசம் தாண்டியும் நிற்கிறது. கயிறு அறுந்தால் கயிற்றை மாற்றலாம், அடிக்கட்டை உக்கினால் அந்தத் துண்டை மட்டும் வெட்டி ஒட்டலாம். டபிள் கிளேசிங்கில் இரண்டு கண்ணாடிக்கு நடுவில் புகார் பிடித்தால் கண்ணாடியை முழுதாக மாற்றத்தான் வேண்டும். காற்று வருகிற இடுக்குக்குத் தூரிகைப் பட்டி அடித்து, உள்பக்கமாக இன்னொரு கண்ணாடி போட்டால் குளிரும் குறையும், தெருச் சத்தமும் குறையும். லிஸ்ரட் கட்டடம் இல்லையென்றால் இதற்குப் பொதுவாக அனுமதியும் தேவையில்லை.

இதை வீடு வாங்குகிறபோது யார் சொல்லுகிறார்கள்? வக்கீலின் தேடுதல் அறிக்கையில் ஒரு வரி இருக்கும். முப்பது பக்கத்துக்குள் அதை யார் கண்டுபிடிப்பது? கவுன்சில் வரிக் கடிதத்தை வருசாவருசம் தவறாமல் அனுப்புகிற கவுன்சில், அதோடு "உங்கள் தெருவில் யன்னல் மாற்ற முதல் எங்களிடம் கேளுங்கள்" என்று தமிழிலும் வங்காளியிலும் சோமாலியிலும் ஒரு துண்டு வைத்தால் என்ன குறைந்துவிடும்?

இன்னொன்று. புது வீடு கட்டினால் வற் வரி பூச்சியம். பழைய யன்னலைத் திருத்தினால் பொதுவாக 20 வீதம். பாதுகாக்கச் சொல்லுகிற அரசாங்கமே பாதுகாப்பவனிடம் வரி கேட்கிறது! தெருவின் அழகு எல்லாருக்கும் சொந்தம் என்றால், செலவிலும் எல்லாருக்கும் ஒரு பங்கு இருக்கவேண்டும். இரண்டு வேலை செய்கிறவனின் தலையில் மட்டும் அதைக் கட்டுவது நியாயமில்லை.

எங்கட ஆட்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். "நாலு வருசம் பேசாமல் இருந்தால் தப்பலாம்" என்று இன்னமும் சிலர் கதைக்கிறார்கள். அது பழைய கதை. இங்கிலாந்தில் 2024 ஏப்ரல் 25இலிருந்து முடித்த வேலைகளுக்குப் பத்து வருசம். லிஸ்ரட் கட்டடத்துக்குக் கால எல்லையே இல்லை. கொம்பனிக்காரரின் வாய்ப்பேச்சை நம்பி முற்பணம் கொடுக்காதீர்கள். முகவரியைக் கொடுத்துக் கவுன்சிலின் பிளானிங் பகுதியிடம் கேளுங்கள், பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள். விலை பேசுவது அதற்குப் பிறகு.